நாற்பது நாள் வெயிலும் ஒரு கைப்பிடி உப்பும்

அளத்தங்கரையில் முதல் பனி விழுந்தது ஒரு சித்திரை மாதத்துச் சனிக்கிழமை காலையில். உப்புப் பாத்தியின் வரப்பில் நின்றிருந்த சண்முகக்கனி, வானத்திலிருந்து வந்த அந்த வெள்ளையை உள்ளங்கையில் பிடித்து நாக்கில் வைத்துப் பார்த்து, "இதுல உப்பு இல்ல" என்று துப்பிவிட்டு, உப்பை இழுத்துச் சேர்க்கிற வாருபலகையை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனாள். தூத்துக்குடிக்குத் தெற்கே கடலுக்கும் உடைமுள் காட்டுக்கும் நடுவில் கிடக்கிற எங்கள் ஊரில் வெள்ளையாக எது கண்ணில் பட்டாலும் முதலில் நக்கிப் பார்ப்பதுதான் வழக்கம். ஆகவே அன்றைக்கு ஊர் முழுக்க நக்கிப் பார்த்தது, ஊர் முழுக்கத் துப்பியது, பத்து மணிக்கெல்லாம் இது நம் சரக்கு இல்லை, வெளியூர்ச் சரக்கு என்று முடிவாகிவிட்டது. யார் வீட்டுக்கு வந்த சரக்கு என்பதுதான் பாக்கி.

தஸ்நேவிஸ் வீட்டுக்கு வந்தது. நான் அதை விடியும்போதே சொல்லியிருப்பேன், யாரும் கேட்கவில்லை. முப்பத்திநாலு வருடம் இந்த ஊருக்குத் தபால் கொடுத்தவன் நான். யார் வீட்டுக்கு எங்கிருந்து என்ன வரும் என்பது அந்தந்த வீட்டுக்காரர்களைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். தஸ்நேவிஸ் உப்பளங்களுக்கெல்லாம் பம்ப்செட் மெக்கானிக். அரசாங்கப் பரீட்சை எழுதி ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கி, மொட்டைமாடியிலிருந்து பக்கத்துப் பனைமரத்துக்குக் கம்பி இழுத்துக் கட்டி, சாயங்காலமானால் கையில் கிரீஸ் காய்வதற்குள் மைக்கைப் பிடித்து உலகத்தைக் கூப்பிடுவார். உலகமும் மரியாதையாகப் பதில் சொல்லும். அந்த ரேடியோவில் அரசியல் பேசக்கூடாது, மதம் பேசக்கூடாது, வியாபாரம் பேசக்கூடாது. இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் மனிதன் பேசுவதற்கு மிச்சமிருப்பது வானிலை ஒன்றுதான். ஆகவே தஸ்நேவிஸ் முப்பது வருடமாக உலகத்தோடு வானிலை பேசினார். பேசினதையெல்லாம், யாரோடு, எத்தனை மணிக்கு, எந்த அலைவரிசையில், எவ்வளவு தெளிவாகக் கேட்டது, அங்கே மழையா காற்றா என்று, பதினாலு லாக் புத்தகங்களில் கோடு போட்டு எழுதிவைத்தார். எதிராளியும் தன் புத்தகத்தில் எழுதிக்கொள்வான்; இருவரும் பேசியது மெய்தான் என்று ஓர் அட்டை அனுப்புவான். அந்த அட்டைகளை நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன், படித்துவிட்டுத்தான் கொடுத்தேன். அட்டையைப் படிப்பது குற்றமென்றால் அதற்கு ஓர் உறை போட்டிருக்க வேண்டும்.

பிற்பாடு அட்டை அனுப்புகிறவர்கள் குறைந்து, எல்லோரும் தங்கள் புத்தகங்களை இணையத்தில் இருக்கிற பொதுப் பதிவேட்டில் ஏற்ற ஆரம்பித்தார்கள். இவர் எழுதினதும் அவர் எழுதினதும் பொருந்தினால், நேரம் அரைமணி முன்னே பின்னே இருந்தால்கூடப் போகட்டும் என்று, அந்தப் பதிவேடு 'உறுதி' என்று ஒரு குறி போடும். தஸ்நேவிஸின் மகள் பிரிஸ்கா தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். அவள் ஒரு வருடம் உட்கார்ந்து பதினாலு புத்தகத்தையும் தட்டச்சு செய்து முடித்து, பைத்தானில் இருபது வரிக்கு ஒரு புரோகிராம் எழுதினாள். அந்த இருபதில் பத்தொன்பது வரியும் தன் வேலை இல்லை என்று அவளே சொன்னாள். யாரோ முகம் தெரியாத புண்ணியவான் எழுதி ஊருக்கெல்லாம் இலவசமாக வைத்த ஒரு லைப்ரரி இருக்கிறதாம். அதைக் கூப்பிட்டால் அதுவே பதிவேட்டின் வாசலுக்குப் போய்ப் பேரையும் கடவுச்சொல்லையும் சொல்லி உள்ளே நுழைந்து, நம்முடையதைக் கொடுத்து, நமக்கு வந்திருப்பதை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுமாம். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒன்று விளங்கியது: அதுவும் ஒரு தபால்காரன்தான். என்ன, நடுவழியில் படிக்காது.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிரிஸ்கா புரோகிராமை முதல்முறையாக ஓட்டினாள். ஒன்பதாயிரம் பேச்சில் ஒரே ஒரு பேச்சுக்கு உறுதி வந்தது. பின்லாந்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு தை மாதத்தில் பேசினவர். தஸ்நேவிஸ் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். 'இங்கே முழங்காலளவு பனி' என்று தன் கையெழுத்திலேயே இருந்தது. மறுநாள் காலையில்தான் சண்முகக்கனி துப்பினாள்.

பிரிஸ்கா தினமும் சாயங்காலம் ஓட்டிப் பார்த்தாள், அன்றைய தினத்திலிருந்து அதுதான் முறையானது. ஓர் உறுதிக்கு ஒரு நாள். ஒரே சாயங்காலத்தில் மூன்று உறுதி வந்தால் மூன்று வானிலையும் ரேஷன் கடையில் நிற்கிற மாதிரி வரிசையில் நின்று ஒவ்வொன்றாக வந்து போயின. பிரிஸ்கா பஞ்சாயத்து போர்டில் சாக்பீஸால் எழுதிவைப்பாள்: 'நாளை போலந்து, தூறல்.' 'நாளை ரஷ்யா, போர்வை.' ஒரு வாரத்தில் ஊர் அதற்குப் பழகிவிட்டது. போலந்து என்றால் துணி துவைக்க மாட்டார்கள். ரஷ்யா என்றால் இட்லி மாவு பொங்காது, ஆகவே முதல்நாளே தோசைக்கு ஆட்டிவிடுவார்கள். மீன் வியாபாரிகள் பெட்டி பெட்டியாகப் பனியை வாரிக்கொண்டு போனார்கள். ஐஸ் பாக்டரிக்காரர் மட்டும் யாரிடம் புகார் கொடுப்பது என்று தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் நின்று பொதுவாகத் திட்டினார். ஜப்பானில் ஒருவர் விளையாட்டுக்கு, இங்கே அடிக்கிற வெயிலில் என் கம்பியெல்லாம் உருகி ஒழுகுகிறது என்று எப்போதோ சொல்லியிருந்தார். அது உறுதியான மறுநாள் எங்கள் தெருவில் கேபிள் டிவி ஒயர்கள் முறுக்கு மாவு மாதிரி தொங்கிச் சொட்டின. சொன்னது சொன்னபடி வருகிறது, மெய்யாக இருந்ததா என்று யாரும் சரிபார்ப்பதில்லை என்பதை நான் அன்றைக்கே மனதில் குறித்துக்கொண்டேன். தஸ்நேவிஸின் மனைவி கித்தேரியிடம், என்ன தங்கச்சி, ஊருக்குள் இப்படிப் பனி விழுகிறதே என்று கேட்டேன். "பனிமய மாதாவைக் கும்புடுத ஊர்ல பனி விழுந்தா என்ன ஆச்சரியம் அண்ணே? இம்புட்டு நாளா விழாம இருந்ததுதான் ஆச்சரியம்" என்று சொல்லி மீன் குழம்பைக் கிண்டப் போய்விட்டாள்.

ஆச்சரியப்படாமல் கோபப்பட்டவள் சண்முகக்கனி ஒருத்திதான், அவளுக்குக் காரணம் இருந்தது. பதினோரு பெண்கள், ஆளாளுக்கு இருபது முப்பது வருடம் பிறத்தியார் பாத்தியில் உப்பு வாரினவர்கள், அந்த வருடம் முதல்முறையாகச் சேர்ந்து ஓர் அளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். சண்முகக்கனிதான் அதற்குத் தலைவி. அளத்து முதலாளி பேச்சில் வெல்லம். பம்ப்செட் ரூம் சுவரில் தன் தலைக்கு மேலே சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்து, "ஆடி முடியுததுக்குள்ள உங்க உப்பு அம்பாரம் இந்தக் கோட்டைத் தாண்டிட்டுதுன்னா அளம் அஞ்சு வருசத்துக்கு உங்களுக்கு. தாண்டலைன்னா பழையபடி எனக்கு, நீங்களும் பழையபடி கூலிக்கு வந்துரணும்" என்று சொல்லியிருந்தார். சொல்லும்போது சிரித்தார் என்பதை சண்முகக்கனி மறக்கவில்லை. சித்திரையில் அம்பாரம் இடுப்புயரம் வந்திருந்தது. பின்லாந்து வந்து அதில் ஒரு சாண் எடுத்துக்கொண்டது, ரஷ்யா வந்து இரண்டு சாண்; பனி உப்பின்மேல் விழுந்து உருகி, உருகின தண்ணீர் உப்பையும் கூட்டிக்கொண்டு ஓடைக்குப் போனது.

அவள் தஸ்நேவிஸ் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, உம்ம சிநேகிதக்காரங்க ஊர்லல்லாம் வெயிலே அடிக்காதா?"

"அடிக்கும்மா. வெயில் அடிச்சா அவன் எதுக்கு ரேடியோ முன்னால உக்காரப்போறான்? வெளியில போயிருவான். மழையும் பனியும்னாத்தான் வீட்டுக்குள்ள உக்காந்து என்னைக் கூப்பிடுவான்."

"அப்ப உமக்கு வாய்ச்சதெல்லாம் வெளங்காத நாளுதான். நிறுத்தச் சொல்லும் மகளை."

பிரிஸ்கா அன்றைக்கே நிறுத்திவிட்டாள். வரிசையில் நின்ற கடைசி நார்வே மூடுபனியும் வந்து போய்விட்டது. வைகாசி பிறந்தது, இனி நம் வானம் நமக்கு என்று பெண்கள் வாருபலகையைக் கையில் எடுத்தார்கள். அப்போதுதான் நம் வானம் தன் வேலையைக் காட்டியது. கடலில் ஒரு தாழ்வு மண்டலம், அது போனதும் அதன் தம்பி, தம்பி போனதும் அவன் மச்சான் என்று வைகாசி முழுக்க, ஆனி பாதி வரைக்கும் பருவம் தப்பின மழை. தார்ப்பாயைப் போட்டு மூடினால் காற்று தார்ப்பாயைத் தூக்கியது, ஓலையைப் போட்டு மூடினால் ஓலை சிவப்பாய் ஒழுகியது. பாத்தியில் உப்புப் பூக்கிற நேரம் பார்த்து மேகம் வந்து உட்கார்ந்தது. அம்பாரம் முழங்காலுக்கு இறங்கிவிட்டது. முதலாளி ஒருநாள் குடையோடு வந்து, சிவப்புக் கோடு மழையில் மங்கிவிட்டதே என்று சொல்லி மேலே இன்னொரு தடவை பெயிண்ட் அடித்துவிட்டுப் போனார்.

ஆடி முடிய நாற்பத்திரண்டு நாள் இருக்கையில் சண்முகக்கனி மறுபடியும் அந்த வாசலுக்கு வந்தாள். நானும் அங்கேதான் இருந்தேன். ஓய்வுபெற்ற தபால்காரனுக்குப் போவதற்கு வேறு எந்த வீடு இருக்கிறது.

"பிரிஸ்கா, அந்த எந்திரத்தை ஓட்டு தாயி. எங்கயாவது வெயில் கெடக்கான்னு பாரு."

"யக்கா, நீங்கதான நிறுத்தச் சொன்னீய?"

"அது அன்னைக்கு. நேத்து சோறு வேண்டாம்னு சொன்னவ இன்னைக்குத் திங்கமாட்டாளா? ஓட்டு."

பிரிஸ்கா பதினாலு புத்தகத்தையும் கம்ப்யூட்டரில் தேடினாள். வெயில் என்று தேடினாள், வறட்சி என்று தேடினாள். பன்னிரண்டாம் புத்தகத்தில் ஒரே ஆளின் அழைப்புக்குறி, ரேடியோக்காரனுக்கு அதுதான் விலாசம், நாற்பது தடவை வந்தது. எர்னான் என்று பேர். சிலி தேசத்துப் பாலைவனத்தில், ஒரு செம்புச் சுரங்கத்துக்குத் தண்ணீர் இறைக்கிற பம்ப் மெக்கானிக். ஒன்பது வருடத்துக்கு முன்னால், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், ஞாயிறு நீங்கலாக நாற்பது நாளும் தஸ்நேவிஸும் அவனும் பேசியிருந்தார்கள். நாற்பது வரியிலும் அவன் சொன்னதாக ஒரே வானிலைதான்: 'வெயில். மழை பெய்து பதினாலு வருடம்.'

சண்முகக்கனி, "நாப்பது நாளா?" என்றாள்.

"ஆனா உறுதியாகலை யக்கா" என்றாள் பிரிஸ்கா. "ஒண்ணுகூட ஆகலை. இவர் பதிவேட்டுல இருக்காரான்னு லைப்ரரிகிட்ட கேட்டுப் பாத்தேன். போன மாசம்கூடத் தன்னோட புத்தகத்தை ஏத்தியிருக்காரு. நாமளும் ஏத்தியாச்சு. ரெண்டும் ஏன் பொருந்தலைன்னுதான் தெரியலை."

அவள் இன்னும் கொஞ்ச நேரம் தட்டினாள். பிறகு கையை எடுத்துவிட்டுத் திரும்பினாள். "இவரு மட்டுமில்ல. பதினோரு வருசத்துக்கு முந்தின கிறிஸ்துமஸ் இருக்குல்லா, அதுக்கு முன்னால பேசினதுலதான் எல்லா உறுதியும் வந்துருக்கு. அதுக்குப் பொறவு பேசினது நாலாயிரம். ஒண்ணுக்கும் வரலை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு இந்த வீட்டுல என்ன நடந்துச்சு?"

"என்ன நடக்கும்? வெள்ளையடிச்சோம்" என்றார் தஸ்நேவிஸ்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. கித்தேரி கையில் அகப்பையோடு வந்து நிலைப்படியில் நின்றாள். "நான்தான் மாத்தி மாட்டினேன்" என்றாள்.

"எதை?"

"கடியாரத்தை."

அந்த அறைக்குள் போனவர்களுக்கு விளங்கும். ரேடியோவுக்கு நேரே சுவரில் ஒரு கடிகாரம், முதுகுக்குப் பின்னால் சுவரில் ஒரு கடிகாரம். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. ரேடியோக்காரர்கள் தங்கள் புத்தகத்தில் சொந்த ஊர் நேரத்தை எழுதக்கூடாது, உலகத்துக்குப் பொதுவாக ஒரு நேரம் இருக்கிறது, நம்முடையதற்கு ஐந்தரை மணி பிந்தினது, அதைத்தான் எழுத வேண்டும். ஆகவே எதிர்ச்சுவரில் தொங்கியதன் அடியில் 'உலகம்' என்றும், பின்சுவரில் தொங்கியதன் அடியில் 'வீடு' என்றும் தஸ்நேவிஸ் கரியால் எழுதியிருந்தார். வெள்ளையடித்ததில் இரண்டு எழுத்தும் போய்விட்டன.

"ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா, எதிர்ல இருக்க கடியாரத்தைப் பாத்துட்டு 'மூணுதான ஆவுது'ம்பீங்க. சோறு ஆறும், கொழம்பு உறையும், உங்களுக்கு வயித்துல புண்ணு. வெள்ளையடிச்சு முடிச்சதும் வீட்டுக் கடியாரத்தை உங்க மூஞ்சிக்கு நேரா மாட்டினேன். தெரிஞ்சுதான் மாட்டினேன். அன்னைக்கு எட்டரைக்கு வந்து உக்காந்தீங்க."

"அடிப்பாவி, அப்ப பதினோரு வருசமா நான் புத்தகத்துல எழுதினது..."

"பதினோரு வருசமா நேரத்துக்குச் சாப்பிட்டீங்க. வயித்துப் புண்ணு ஆறிட்டுதா இல்லையா, அதைச் சொல்லுங்க."

தஸ்நேவிஸ் அப்போதுதான் திரும்பிப் பின்சுவரைப் பார்த்தார். நாலாயிரம் பேச்சுக்கு ஐந்தரை மணி தப்பு. ஒரு நாளாவது திரும்பி முதுகுக்குப் பின்னால் பார்க்கவில்லை.

"அவ்வளவுதான?" என்றாள் பிரிஸ்கா, விரலை நெட்டி முறித்துக்கொண்டு. "ஒரு வரி போதும். அஞ்சரை மணியக் கழிச்சுட்டு, அவரோட பேசின நாப்பதை மட்டும் திரும்ப ஏத்தச் சொல்லுதேன். நாளைக்கே வெயில்."

"ஏத்தக்கூடாது" என்றார் தஸ்நேவிஸ்.

எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

"லாக் புத்தகத்துல கை வைக்கக்கூடாது. எழுதினது எழுதினதுதான்."

"தப்புன்னு தெரிஞ்சும் வைக்கக்கூடாதா?" என்றாள் சண்முகக்கனி. "அண்ணாச்சி, நான் உம்மகிட்ட எதுவும் கேட்டதில்ல. உம்ம பனியைத் தாங்கினேன், உம்ம மூடுபனியில வழி தெரியாம கடல்தண்ணி தேக்குத தெப்பத்துல விழுந்தேன். பதினோரு பொம்பளைங்க அங்க முழங்கால் உப்பைப் பாத்துக்கிட்டு நிக்கோம். ஆடி முடிஞ்சா நாளைக்கு அந்தாளு பாத்தியில அவரு சிரிப்பைப் பாத்துக்கிட்டு வாரணும். கடியாரத்தைத் திருப்பி மாட்டினா தீந்துபோற காரியத்துக்கு என்னத்துக்கு இந்த வீம்பு?"

"வீம்பு இல்லம்மா."

"பொறவு?"

எனக்குத் தெரியும் அந்த முகம். முப்பத்திநாலு வருடம் வாசலில் நின்று முகங்களைப் பார்த்தவன் நான். மறைக்கிறவன் முகத்துக்கும் மறுக்கிறவன் முகத்துக்கும் வித்தியாசம் தெரியும். "வே, சொல்லும். நம்ம ஆளுகதான இருக்கோம்" என்றேன்.

தஸ்நேவிஸ் மைக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவன் அவன் ஊரு வானிலையைச் சொன்னான். நானும் நம்ம ஊரு வானிலையைச் சொல்லணும்லா. முத நாளு என்னைக் கேட்டான், அங்க மழை உண்டான்னு. அப்ப மாசி, காஞ்சு கெடக்கு. இல்லைன்னு சொல்ல வாய் தொறந்தேன். அதுக்குள்ள அவன் சொன்னான், மழைச் சத்தம் எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு சிநேகிதா, எம் மகளுக்கு எட்டு வயசு, அவ கேட்டதே இல்லைன்னான். நான்... மழை கொட்டுதுன்னு சொல்லிட்டேன். கேளுன்னேன். தகரத்தட்டை எடுத்து மைக்குக்கிட்ட வச்சு, இந்தா, உங்க அளத்துக் கல்லுப்பை ஒரு கைப்பிடி எடுத்து மெதுவாத் தூவினேன். அவன் பேசவே இல்லை. மறுநாளும் கேட்டான். மறுநாளும் தூவினேன். பாத்தியெல்லாம் வெள்ளம்னேன், வெள்ளத்துல வாத்து நீந்துதுன்னேன். நாப்பது நாளும். தவக்காலத்துல வே! சாமியார்கிட்டகூடப் பாவசங்கீர்த்தனத்துல சொல்லலை."

யாரும் சிரிக்கவில்லை. நான் கொஞ்சம் சிரித்தேன். எனக்கு அந்தப் பொய்யின் அழகு பிடித்துவிட்டது.

"உறுதின்னு குறி விழுந்தா, நாப்பது பொய்க்கும் நான் சத்தியம் பண்ணின மாதிரி ஆயிரும்" என்றார்.

"அப்பா, உறுதியாகுறது பேரு, நேரம், அலைவரிசை, அவ்வளவுதான்" என்றாள் பிரிஸ்கா. "வானிலைக்கு அதுல கட்டமே கெடையாது."

"கட்டம் இல்லாமத்தான் சித்திரையில பனி விழுந்துச்சா? அவன் சொன்ன வெயிலு இங்க வந்தா, நான் சொன்னது அங்க போவணும்லா? பொய்யா சொன்ன மழையும் வாத்தும் எப்படிப் போவும்? ஒண்ணும் போவாது, வெறும் வெயிலுக்கு வெறும் வெயிலுதான் போவும், அன்னைக்குத் தெரிஞ்சுரும் அவனுக்கு. அவன் மகளுக்கும் தெரிஞ்சுரும். உப்புத் தூவி ஏமாத்தினான்னு."

சண்முகக்கனி போய் அந்தத் தகரத்தட்டை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தாள். ஓரத்தில் இன்னும் நாலு கல் ஒட்டிக்கொண்டிருந்தது. "இது மூணாம் பாத்தி உப்பு" என்றாள். "நான் வாரினது. அப்ப பொய்யில எனக்கும் பங்கு இருக்கு. அவன் திட்டினா என் பேரையும் சேத்துச் சொல்லும். 'ஒரு பொம்பளைக்கு வெயில் தேவைப்பட்டுச்சு, அதான் உன்கிட்ட மாட்டிக்கிட்டேன்'னு சொல்லும். உம்ம நல்ல பேரு ஒண்ணு போவுது, இங்க பதினோரு பேரு தலை நிமிருது. நீரே பாத்துக்கிடும்."

தட்டைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்தாள். பிரிஸ்கா ஒரு வரி எழுதி, நாற்காலியிலிருந்து எழுந்து அப்பாவுக்கு இடம் விட்டாள். தஸ்நேவிஸ் உட்கார்ந்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். பிறகு நடுவிரலால், பம்ப்செட் ஸ்விட்சைத் தட்டுகிற அதே தட்டாக, என்டரைத் தட்டினார். திரையில் நாற்பது வரி ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கியது, நாற்பதின் ஓரத்திலும் உறுதி. கித்தேரி அகப்பையை மடியில் துடைத்துவிட்டு எதிர்ச்சுவருக்குப் போய், கடிகாரத்தின் அடியில் கரித்துண்டால் 'வீடு' என்று எழுதினாள். மாற்றி மாட்டவில்லை.

மறுநாள் வந்தது வெயில். நம் வெயில் இல்லை. நம் வெயில் கசகசவென்று மேலே சாய்கிற வெயில். இது நின்ற இடத்தில் நின்று, மேகம் என்றால் என்னவென்றே கேள்விப்படாத வெயில். பிழிந்த சேலை கொடிக்குப் போகும் வழியிலேயே காய்ந்தது. அரைமணியில் கருவாடு ஆனது. பக்கத்து ஊர்களிலிருந்து வடகம், வத்தல் என்று ஈரச் சுவரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எங்கள் ஊருக்குக் காயவைக்கக் கொண்டுவந்தார்கள். ஒருவர் கோர்ட்டில் நனைந்துபோன கேஸ் கட்டைக் கொண்டுவந்து வரப்பில் பரப்பி, கல் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். உதடு வெடித்தது, தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டோம். செம்புப் பொடி மாதிரி சிவந்த தூசி மத்தியானத்தில் வந்து வாசல்படியில் உட்கார்ந்தது, கூட்டித் தள்ளினோம். தண்ணீர் ஏறின பாத்தி காலையில் பூத்து, சாயங்காலம் கற்கண்டு மாதிரி கட்டி கட்டியாக விளைந்தது. இப்படி ஒரு விளைச்சலை அந்த மண் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. பதினோரு பெண்களும் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வாரினார்கள், குவித்தார்கள், மறுபடி வாரினார்கள். அம்பாரம் இடுப்புக்கு வந்தது, தோளுக்கு வந்தது, பம்ப்செட் ரூம் சுவரில் சாய்ந்துகொண்டு மேலே ஏறியது. முப்பத்தெட்டாம் நாள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. அவர்கள் நிறுத்தவில்லை.

ஆடிக் கடைசியில் முதலாளி வந்தார். அம்பாரத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்தார், இரண்டாம் தடவையும் நடந்தார். "கோடு எங்க?" என்றார்.

"உள்ள இருக்கு" என்றாள் சண்முகக்கனி, அம்பாரத்தின் உச்சியில் நின்றுகொண்டு. "வேணும்னா ஒரு வாருபலகை தாரோம். தள்ளிப் பாருங்க."

முதலாளி அன்றைக்குச் சிரிக்கவில்லை. அளம் ஐந்து வருடத்துக்கு எழுதியாயிற்று.

ஆனால் தஸ்நேவிஸ் அந்த நாற்பது நாளும், அதற்குப் பிறகு மூன்று மாதமும் ரேடியோ பக்கமே போகவில்லை. மைக்கின்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டார். எட்டரைக்குச் சாப்பிட்டார், ஒன்பதுக்குப் படுத்தார். உலகம் அவரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போயிருக்கும். யார் கேட்டாலும், "அவன் காத்துக்கிட்டு இருப்பான் வே, என்னைத் திட்ட" என்பார்.

ஐப்பசி மழையில் ஒருநாள், புதிதாக வந்திருந்த தபால்காரப் பெண் என் வீட்டுக்கு வந்து, "பெரியப்பா, இது எந்த தேசத்து ஸ்டாம்பு, யாருக்கு?" என்று ஓர் அட்டையை நீட்டினாள். நான் வாங்கினேன். படித்தேன். படித்துவிட்டுக் குடையைக்கூட எடுக்காமல் நேரே அளத்துக்குப் போய் சண்முகக்கனியைக் கூட்டிக்கொண்டு தஸ்நேவிஸ் வீட்டுக்குப் போனேன்.

அட்டையின் முன்பக்கம் ஒரு போட்டோ. கண்ணுக்கெட்டின தூரம் ஊதாப் பூ. நடுவில் ஒரு பம்ப் ஷெட். அதன் வாசலில் பதினேழு வயசுப் பெண் ஒருத்தி தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். தஸ்நேவிஸ் கையில் வாங்க மாட்டேன் என்று பின்னால் போனார். ஆகவே நானே சத்தமாகப் படித்தேன், எழுதியிருந்த உடைந்த ஆங்கிலத்தை நம் பேச்சில் சொன்னேன்.

"சிநேகிதா, நீ சொன்ன மழை வந்து சேர்ந்தது. நாற்பது நாள். நீ சொன்ன அதே சத்தம். என் மகள் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து, அப்பா, இதுதான் அந்த இந்தியாக்காரர் சத்தம் என்றாள். வெள்ளம் வந்தது. வாத்துகளும் வந்தன, எங்கிருந்து என்று இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு இந்தப் பூக்கள். உன் குரலைத்தான் காணோம், எங்கே போனாய்? ஒன்று மட்டும் கேட்க வேண்டும். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. மழைத்தண்ணீரைக் குடித்துப் பார்த்தோம். லேசாக உப்புக் கரிக்கிறதே, உங்கள் ஊர் மழை எப்போதும் அப்படித்தானா?"

தஸ்நேவிஸ் மைக்கின்மேல் கிடந்த துண்டை எடுத்தார்; எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சண்முகக்கனி என் கையிலிருந்து அட்டையை வாங்கினாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. மழையில் நனைந்திருந்த அதன் ஓரத்தை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"மூணாம் பாத்தி" என்றாள். "உப்பு இல்லாம அனுப்புவோமா நாங்க?"